முப்பத்தெட்டாவது பேட்ச்சின் ஒலிப் பொறுப்பாளர்

வோன்ஜு நகரத்தில் சோல்மே கல்லூரிக்குள் மதியம் பன்னிரண்டு பத்துக்கு நுழைகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிப் பயனில்லை. ஓடுகிற வழியெல்லாம் பைன் மரத்துக்குப் பைன் மரம் ஒலிபெருக்கி தொங்குகிறது. காலை எட்டு இருபது, மதியம் பன்னிரண்டு பத்து, மாலை ஐந்தரை என்று மூன்று வேளையும் மருந்து மாதிரி கல்லூரி வானொலி ஊட்டப்படும். யாரும் கேட்டு வாங்கியதில்லை, வேண்டாமென்று சொன்னவர்களையும் யாரும் சட்டை செய்ததில்லை. வானொலி என்று பெயரே தவிர வானத்துப் பக்கமே அது போவதில்லை. மாணவர் கட்டடத்து மூன்றாம் மாடி அறையிலிருந்து கம்பி வழியாகக் கிளம்பி, கம்பி வழியாகவே மரத்துக்கு வந்து சேரும்.

2012ஆம் வருடம் அந்த மூன்று வேளையையும் தனி ஆளாக ஊட்டிக்கொண்டிருந்தவள் கில் போரம். இரண்டாம் ஆண்டு வரலாற்று மாணவி. குள்ளம். குரல் மட்டும் ஆளைவிட ஒரு அடி உயரம்.

போரமுக்கு ஒலிபரப்பு புதிதல்ல. அவள் அப்பா நீல நிறக் குட்டி லாரியில் தெருத் தெருவாக முட்டை விற்கிறவர். “முட்டை வந்திருக்கு, புது முட்டை, தட்டுக்கு முப்பது” என்று லாரியின் கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து வருவது ஒன்பது வயதுப் போரமின் குரல். மழை நாளொன்றில் சமையலறையில் பதிவு செய்தது. பின்னணியில் அம்மா யாரையோ திட்டுவதும் லேசாகக் கேட்கும். மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் அப்பா அதை மாற்றவில்லை. மாற்றினால் வியாபாரம் படுத்துவிடும் என்றார். பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது மதிலுக்கு அந்தப் பக்கம் தன் குரலே முட்டை விற்றுக்கொண்டு போவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, மைக்கைப் பார்த்து என்ன கூச்சம் வந்துவிடும்?

அவள் சேர்ந்தபோது அவளோடு இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். ஐந்து பேரும் முப்பத்தெட்டாவது பேட்ச். இந்த நிலையத்தில் ஆளுக்குப் பெயர் அப்புறம்தான், பேட்ச் எண்தான் முதலில். 1974இல் ஆரம்பித்தவர்கள் முதல் பேட்ச். அன்றிலிருந்து ஒரு வருடம்கூட எண் அறுந்ததில்லை. பயிற்சிக் காலத்தில் பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்துக்கொண்டு செய்தி படிக்க வேண்டும். எதிரில் மூத்தவர் யார் வந்தாலும், கழிப்பறை வாசலானாலும், விறைப்பாக நின்று “முப்பத்தெட்டாவது பேட்ச், பயிற்சி அறிவிப்பாளர், கில் போரம்” என்று கத்த வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய வழுக்கைத் தலையரையும் “சீனியர்” என்றுதான் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒருவன் ராணுவத்துக்கே ஓடினான், அங்கே கொஞ்சம் நிம்மதியாக இருக்குமாம். இன்னொருத்தி காதலில் விழுந்தாள். ஒருவன் தலைநகர் சோலுக்கு மாற்றல் வாங்கிப் போனான். நாலாமவன் காலை ஒலிபரப்பு என்றால் காலையில் எழ வேண்டும் என்பதை மிகத் தாமதமாகக் கண்டுபிடித்துக் கழன்றுகொண்டான்.

போரம் கழலவில்லை. அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது, அவ்வளவுதான். முட்டை அட்டையை ஒட்டிச் சத்தம் அடக்கிய சுவர், பேட்ச் பேட்ச்சாக மாட்டியிருந்த புகைப்படங்கள், பழைய எழுத்துப் பிரதிகள் அடுக்கிய அலமாரி எல்லாமே பிடித்திருந்தன. வகுப்பில் படித்த வரலாற்றைவிட அந்த அலமாரியை அவள் நன்றாகப் படித்தாள். எழுபதுகளில் காலை நிகழ்ச்சி என்றால் உடற்பயிற்சிப் பாட்டும் அரசாங்கச் செய்தியும். எண்பதுகளில் பிரதியைப் பேராசிரியர் படித்து முத்திரை குத்தினால்தான் வாசிக்கலாம். அவர் கறுப்பு மையால் வரிகளை அடித்துத் தள்ளினார். பத்தாவது பேட்ச் அறிவிப்பாளர் ஒருத்தி, அடிபட்ட வரி ஒவ்வொன்றுக்கும் ஒரு இருமல் இருமினாள். அந்த வருடம் வளாகமே அவளுடைய இருமலைக் கேட்கத்தான் மரத்தடியில் நின்றதாம். தொண்ணூறுகளில் முழுக்கக் காதல் பாட்டும் நேயர் விருப்பமும். போரம் காலத்தில் காலையில் வானிலை, மதியம் கடிதங்களும் காணாமல்போன பொருட்களும், மாலையில் பூனைகள் மட்டும் கேட்கிற உலக இசை.

சிக்கல் 2012 மார்ச்சில் வந்தது. புது மாணவர்களைச் சேர்க்க மைதானத்தில் மேஜை போட்டாள், அரிசிப் பணியாரமும் காபியும் வைத்தாள். பதினோரு பேர் தின்றார்கள், ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. முப்பத்தொன்பதாவது பேட்ச்சே இல்லை. மாணவர் நலப் பிரிவின் மேங் சார் ஒரு படிவத்தை நீட்டினார். தயாரிப்பு, ஒலி, அறிவிப்பு என்று மூன்று கட்டங்கள், மூன்றிலும் வேறு வேறு ஆள். இல்லையென்றால் அறையைத் தொழில்முனைவோர் மையத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், நிலையம் ‘தற்காலிகமாக’ நிற்கும். அந்தக் கல்லூரியில் தற்காலிகமாக நின்ற எதுவும் திரும்ப நடந்ததில்லை.

மேங் சார் கெட்டவர் அல்ல. படிவத்தில் இருப்பது உலகத்திலும் இருக்கிறது என்று மனதார நம்புகிறவர்.

தயாரிப்புக் கட்டத்துக்கு முந்தின பேட்ச் அக்கா மின் ஜுயோன் பெயரைக் கொடுத்தாள். அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவளால் பெயரை மட்டும்தான் கொடுக்க முடிந்தது. அறிவிப்பில் போரம் தன் பெயரை எழுதினாள். நடுவில் ஒலி என்ற கட்டம் காலியாக அவளைப் பார்த்தது. பேனாவை உதறிவிட்டு எழுதினாள்: தாக் மூஜின், இயந்திரவியல் துறை, முப்பத்தெட்டாவது பேட்ச். எங்கிருந்து வந்தான் என்று அவளுக்கே தெரியாது. மேங் சார் முத்திரை குத்தியதும் மூஜின் பிறந்துவிட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒலிபரப்பின் முடிவிலும், நிலையத்து வழக்கப்படி, மூன்று பெயர்களைச் சொன்னாள். “தயாரிப்பு மின் ஜுயோன், ஒலி தாக் மூஜின், அறிவிப்பு கில் போரம்.” அதோடு நிறுத்தியிருந்தால் அவன் படிவத்திலேயே சமர்த்தாக இருந்திருப்பான். ஏப்ரலில் ஒருநாள் பாட்டுத்தட்டு கீறிப்போய் ஒரே வரி ஏழு தடவை பாடியது. சமாளிக்கத் தெரியாமல் அவள், “மன்னிக்கவும், எங்கள் ஒலிப் பொறுப்பாளர் தாக் மூஜினின் தவறு, அவரைக் கண்டித்துவிட்டோம்” என்று சொல்லிவைத்தாள். ஐந்து நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது, பாவம் அவனைத் திட்டாதீர்கள் என்று. ஒரு வருடமாக நிலையத்துக்கு வந்த முதல் குறுஞ்செய்தி அது.

ருசி கண்டுவிட்டாள். அதன் பிறகு ஆறு விநாடி மௌனமா, மூஜின். காலையில் போட வேண்டிய உற்சாகப் பாட்டுக்குப் பதில் ஒப்பாரி ஓடியதா, மூஜின். நூலகத்தில் சத்தம் அதிகம் என்று புகாரா, மூஜினுக்கு எச்சரிக்கை. இல்லாதவன் மேல் பழி போடுவது எவ்வளவு வசதி என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. திட்டத் திட்ட அவனுக்கு ஆதரவு பெருகியது. மரத்தடியில் நின்று கேட்க ஆரம்பித்தார்கள், இன்றைக்கு என்ன செய்து தொலைத்தான் என்று. உணவுக்கூடத்தின் தலைமைச் சமையல்காரியை எல்லோரும் சித்தி என்பார்கள். அந்தச் சித்தி மூஜினுக்கென்று கடற்பாசியில் சுருட்டிய சோற்று உருண்டைகளைப் பொட்டலம் கட்டி அனுப்ப ஆரம்பித்தாள். போரம் இரண்டு கிலோ ஏறினாள்.

செவிலியர் துறை மூன்றாம் ஆண்டு பான் யேசுல், உணவுக்கூடத்தில் அவளை வழிமறித்து, அந்தப் பையனுக்கு ஆள் இருக்கிறதா என்று நேராகவே கேட்டாள். எப்போதும் ஏச்சு வாங்கிக்கொண்டு ஒருநாள்கூட எதிர்த்துப் பேசாத ஆண்பிள்ளை இந்த நாட்டில் கிடைப்பானா என்பது யேசுலின் கட்சி. இல்லையென்று போரம் சொல்லித் தொலைத்தாள். அது உண்மைதானே.

அக்டோபரில் மூத்தவர்கள் கூடுகிற நாள் நெருங்கியது. சனிக்கிழமை மதியம், பன்றிக்கறி சுடுகிற கடையின் மாடி, எல்லா பேட்ச்சும். அதில் ஒரு சடங்கு உண்டு. வந்திருக்கிற ஒலிக்காரர்களில் மூத்தவர், புது ஒலிக்காரனின் கழுத்தில் ஹெட்போனை மாட்டுவார். சுவரில் தொங்குகிற முப்பத்தேழு ஒலிக்காரர்களும் அப்படி மாட்டிக்கொண்ட ஆண்கள்தான். இந்த முறை மாட்டப்போவது மூன்றாவது பேட்ச் கோங் தேசூ. லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனி நடத்துகிறவர், மூஜினைப் பற்றிக் கேள்விப்பட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். விருந்தினராக மேங் சாரும் வருகிறாராம். மூஜின் இல்லையென்று தெரிந்தால் படிவம் பொய், படிவம் பொய்யென்றால் அறை போச்சு.

யோசித்து யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. ஆண்கள் எல்லோரும் கட்டாயம் ராணுவத்துக்குப் போய்வர வேண்டிய இந்த நாட்டில் இருபது வயதுப் பையன் ஒருவன் திடீரென்று காணாமல் போனால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். திங்கள் மதியம் குரலைத் தாழ்த்தி, “எங்கள் ஒலிப் பொறுப்பாளர் தாக் மூஜின் ராணுவச் சேவைக்குச் சென்றுவிட்டார்” என்று அறிவித்தாள். படிவம் மார்ச்சுக்கு மார்ச் மாறுவது, அதுவரை பெயர் இருக்கும். எவ்வளவு புத்திசாலித்தனம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

சித்தி அடுப்படியில் அழுதாள். அவனுக்கு அனுப்பச் சொல்லி ஒரு பெட்டி சாக்லேட் கேக்கும் மூன்று ஜோடி கம்பளிக் காலுறையும் கொடுத்தாள். யேசுல் கடிதம் கொடுத்தாள். ஒன்றல்ல, ஐந்தே நாளில் நாலு. முகவரி கேட்டதற்கு நானே சேர்த்துவிடுகிறேன் என்று போரம் வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தாள். பிரிக்கவில்லை. அந்த இழுப்பறையைத் திறக்க நேரும்போதெல்லாம் அவளுக்குத் தன்னைப் பிடிக்காமல் போயிற்று. சாக்லேட் கேக் உள்ளே இறங்கவில்லை. இந்தப் புளுகில் அது ஒன்றைத்தான் அவள் சாப்பிடாமல் விட்டாள்.

சனிக்கிழமை கறிக்கடை மாடியில் நாற்பது பேர். பேட்ச் பேட்ச்சாக எழுந்து எண்ணைக் கத்தினார்கள். முப்பத்தெட்டு என்றதும் போரம் ஒருத்தி எழுந்தாள். கோங் தேசூ கையில் ஹெட்போனோடு, பையன் எங்கே என்றார். ராணுவத்தில் என்றாள். மாடி முழுக்க ஆ என்று ஒரு அன்பான பெருமூச்சு. அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். பாவம், அப்பா எப்போதும் முட்டை லாரியிலேயே இருந்ததால் ஆண்பிள்ளைகள் கூடிய சபையில் அவள் அதிகம் உட்கார்ந்ததில்லை. ராணுவம் என்ற சொல்லை அவர்கள் நடுவில் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு அவர்கள் அதை விடமாட்டார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“எந்தப் படைம்மா?” என்றார் கோங்.

பேருந்து நிலையச் சுவரொட்டியில் பார்த்த வெள்ளைக் காலர் ஞாபகம் வந்தது. “கடற்படை, சீனியர்.”

“அட, பேஷ். எங்க போட்டிருக்காங்க?”

ராணுவத்திலிருந்த மாமா பையன் போனிலெல்லாம் குளிர் தாங்கலை என்று புலம்பிய ஊர் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. “இன்ஜேல, சீனியர்.”

இன்ஜே மலைக்குள் மலையாகப் பொதிந்து கிடக்கிற ஊர். கடற்படை அங்கே போக வேண்டுமென்றால் கப்பலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நாற்பது பேரில் முப்பது ஆண்கள், அதில் ஏழெட்டுப் பேர் அங்கேயே பனி அள்ளியவர்கள். எல்லோருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஆனாலும் நிலையத்துக்காரர்கள் நிலையத்துக்காரர்களை விட்டுக்கொடுப்பதில்லை. பதினான்காவது பேட்ச்சில் ஒருவர் இருமிவிட்டு, “அங்க ஒரு ஏரி இருக்குல்ல” என்றார். இருபத்தொன்றாவது பேட்ச்காரர் ஒருவர், “ஆமா, பெரிய ஏரி. படகெல்லாம் போகும்” என்றார். “நீர்மூழ்கிகூட இருக்குன்னு சொல்லிக்கிட்டாங்க” என்று மூன்றாமவர் கொஞ்சம் அதிகமாகவே உதவிவிட்டார்.

மேங் சார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “நான் இன்ஜேல இருபத்தாறு மாசம் இருந்தேன்” என்றார். “ஒரு துடுப்பைக்கூடப் பாத்ததில்ல.”

இனி ஒளிய இடமில்லை. போரம் நின்ற இடத்திலேயே விறைப்பானாள். குரல் மட்டும் விறைக்கவில்லை, நடுங்கியது.

“முப்பத்தெட்டாவது பேட்ச்ல தாக் மூஜின்னு யாரும் இல்ல. நான்தான் எழுதினேன். அறையை எடுத்துருவாங்கன்னு பயந்து எழுதினேன். அந்த அறை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனாலதான். மன்னிச்சிருங்க.”

கோங் தேசூதான் கேட்டார், கோபமில்லாமல், பழுதான லிஃப்டைப் பார்க்கிற மாதிரி. “கலைக் கட்டடத்துக்குப் பின்னாடி இருக்கிற பைன் மரத்து ஸ்பீக்கர் மூணு வருஷமாக் கரகரன்னுச்சே. முந்தாநாள் அந்தப் பக்கம் வந்தப்ப சுத்தமாக் கேட்டுச்சு. யார் சரி பண்ணினது?”

“நான்தான் சீனியர். உள்ள கம்பி துருப்பிடிச்சிருந்துச்சு. புதுசா ஈயம் வச்சுப் பத்தவச்சேன்.”

“மரத்துல ஏறினது?”

“நான்தான்.”

“அப்ப ஒரு கட்டத்துக்குத்தானே ஆள் இல்ல? அறிவிப்புக்கு ஒரு பொய்ப்பேரைப் போட்டுட்டு, ஒலிக்கு உன் பேரைப் போட வேண்டியதுதானே. செஞ்சதெல்லாம் நீ. அதுக்கு எதுக்கு ஒரு பையனைப் பெத்தே?”

போரமுக்கு அது உண்மையாகவே தோன்றவில்லை, அதுதான் அவளைச் சுட்டது. ஆறேழு மாதம் தப்பையெல்லாம் அவன் தலையில் கட்டினோம் என்று நினைத்திருந்தாளே தவிர, தன் கைவேலையையெல்லாம் அவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்ததில்லை. கோங் எழுந்து வந்து ஹெட்போனை அவள் கழுத்தில் மாட்டினார். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. மாடியில் சிலர் கைதட்டினார்கள். சிலர் மேங் சாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேங் சார் கையைத் துடைத்துக்கொண்டார். பொய்ப் படிவம் என்று எழுதினால் மார்ச்சில் அதில் முத்திரை குத்தியது யார் என்ற கேள்வி தனக்கும் வரும் என்றார். திருத்தப் படிவம் என்று ஒன்று உண்டு. திங்கள் மதியம் ஒரு மணிக்குள் மூன்றாவதாக ஓர் ஆள், உயிருள்ள ஆள், கையெழுத்துப் போட்டால் திருத்தம். இல்லையென்றால் சாவியை மேஜையில் வைத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போரம் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டாள். பன்னிரண்டு பேர் வாழ்த்து மட்டும் சொன்னார்கள்.

திங்கள் பன்னிரண்டு பத்துக்கு மைக்கைத் திறந்தாள். காணாமல்போன குடை ஒன்று, சாவிக்கொத்து ஒன்று, அதற்குப் பிறகு காணாமல்போகாத மூஜின். அப்படி ஒருவன் இல்லை, சோற்று உருண்டைகளைத் தின்றது தான், காலுறைகள் அப்படியே இருக்கின்றன, கடிதங்களைப் பிரிக்கவில்லை, கேட்டவர்களிடம் திருப்பித் தருகிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில், “தயாரிப்பு மின் ஜுயோன், ஒலி கில் போரம்” என்றாள். “அறிவிப்பு...” என்று ஆரம்பித்து, அதே பெயரை மறுபடி சொல்ல முடியாமல் அவசரமாகப் பாட்டைத் தள்ளிவிட்டாள். பாட்டு வரவில்லை. கை தவறான பொத்தானைத் தள்ளியிருந்தது. அதைக் கவனிப்பதற்குள் கதவு படாரென்று திறந்தது.

பான் யேசுல். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, கண் சிவந்திருந்தது.

“என் கடிதாசியைக் கொடு.”

போரம் இழுப்பறையைத் திறந்து நாலையும் இரண்டு கையாலும் நீட்டினாள். யேசுல் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“படிச்சுச் சிரிச்சிருப்பேன்னு நெனச்சேன்.”

“இல்லக்கா. ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன். எனக்கு முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு.”

“வெக்கமாவா? நான் கையுறை பின்ன ஆரம்பிச்சுட்டேன்டி. ஒரு கை முடிஞ்சுருச்சு. இல்லாதவனுக்கு என்ன அளவுன்னு பின்னினேனோ.” அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். “இத்தன மாசமா தனியாவா இதையெல்லாம் பண்ணினே?”

“ஆமாக்கா.”

“காலையில எட்டு இருபதும்?”

“ஆமா.”

“பொய்யைச் சொல்லாம ஆள் வேணும்னு ஒருநாள் மைக்குல கேட்டிருந்தா என்ன?”

மார்ச்சில் அரிசிப் பணியாரம் வைத்தாளே தவிர, மைக்கில் ஒருநாளும் கேட்கவில்லை. முட்டையைக்கூட வாங்குங்கள் என்று கூவி விற்றவளுக்கு, எனக்கு ஆள் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.

“அந்தப் படிவத்தைக் கொண்டா. உன்னைத் தனியா விட்டா இன்னொருத்தனைப் பெத்துப் போட்ருவே. என்ன எழுதணும் இதுல?”

“அறிவிப்பு. முப்பத்தொன்பதாவது பேட்ச். ஆனா...” போரம் தயங்கினாள். “பேட்ச்படி பாத்தா நான் சீனியர்க்கா. என்னைப் பாக்கிறப்பல்லாம் நின்னு கத்தணும்.”

“யாரு, நானா? உன்னையா? செருப்பு பிஞ்சுரும்.” சொல்லிக்கொண்டே பான் யேசுல் என்று அழுத்தி எழுதினாள்.

வெளியே எங்கோ ஆரவாரம் கேட்டது. கால்பந்துப் போட்டி என்று போரம் நினைத்தாள். மேஜைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் மேங் சார், உணவுக்கூடத்திலிருந்து. பின்னால் சித்தி உரக்க மூக்கைச் சிந்துவது கேட்டது.

“படிவத்தைக் கொண்டு வாம்மா” என்றார். “அதுக்கு முன்னாடி மைக்கை மூடு. இங்க இருநூறு பேர் சாப்பிடாம மேல ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.”

போரம் திரும்பிப் பார்த்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தாள். யேசுல் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நிலையத்தில் எந்தத் தவறு நடந்தாலும் அன்றன்றைய பதிவேட்டில் எழுத வேண்டும். போரம் பேனாவை எடுத்து எழுதினாள்: மதிய ஒலிபரப்பு, ஆறு நிமிடம் மைக் திறந்திருந்தது, இரண்டு பேர் சண்டை போட்டது வளாகம் முழுக்கக் கேட்டது. தவறுக்குப் பொறுப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் கை ஒரு கணம் நின்றது. பிறகு கில் போரம், ஒலி என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.